கடல் கொண்ட அலமாரி



அண்மையிற் படித்த நூல்களைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கின்றனர். படித்த நூல்கள் என்பதிலும் பார்க்க, மறுபடியும் தேடிப் படித்த நூல்கள் என்பதே என் வரையிற் பொருந்தும். அதற்குரிய காரணத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

கல்முனைக்குத் தெற்கே சாய்ந்தமருதில், பெருந்தெருவுக்கும் கடலுக்கும் இடையே என் வீடு இருந்தது. என் வீடு என்றேன். எங்கள் கரையோர வழக்கப்படி அது என் மனைவிக்குச் சீதனமாக வந்த வீடு. அதன் நடு அறையில் ஒரு தேக்கு அலமாரி. ஆசிரியத் தொழிலில் இருந்த முப்பது ஆண்டுகளாக, மாதம் ஒன்றோ இரண்டோ என்று வாங்கிச் சேர்த்த நூல்கள் அதில் இருந்தன. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையிற் கடல் ஊருக்குள் ஏறியது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களின் கடற்கரைப் பக்கத்தில் இழவு காணாத ஒழுங்கை அரிது. அத்தகைய நாளில் நூல்களை நினைத்து வருந்துவது நாணத்தக்க செயல். நானும் வருந்தவில்லை. பல மாதங்கள் சென்றபின், தற்காலிகக் கொட்டில் ஒன்றில் இருந்தபோது, ஒரு மாலை ஏதோ ஒரு செய்யுளின் மூன்றாம் அடி நினைவுக்கு வர மறுத்தது. பார்த்துக்கொள்வோம் என்று எழுந்து நடந்தேன். நாலடி நடந்த பின்னரே அலமாரி இல்லை என்பது உறைத்தது. அன்றுதான் நூல்களுக்காக அழுதேன்.

கடல்கோள் தமிழருக்குப் புதிய சொல்லன்று. முதற் சங்கத்தையும் இடைச்சங்கத்தையும் அவற்றின் நூல்களையும் கடல் கொண்டது என்று இறையனார் அகப்பொருளின் உரை கூறும். அதனை வரலாறாக ஏற்பதற்குச் சான்று போதாது என்பர் ஆராய்ச்சியாளர். அவர் கூற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும், தன் ஏடுகளை நீரில் இழந்த ஒருவனே அக்கதையை முதலிற் சொல்லியிருப்பான் என்று இப்பொழுது எனக்குத் தோன்றுகிறது.

இழந்தவற்றுள் முதலில் நான் தேடியது உமறுப் புலவரின் சீறாப்புராணம். பதினேழாம் நூற்றாண்டிலே, வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கி, அவர் மறைந்தபின் அபுல் காசிம் மரைக்காயரின் துணையால் அரங்கேறிய காவியம் அது. விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்கள், பாடல்கள் 5,027. நபிகள் நாயகத்தின் வாழ்வு முழுவதையும் சொல்லி முடிக்காமலே நூல் நின்றுவிடுகிறது. ஏட்டில் இருந்த காவியம் 1842ஆம் ஆண்டிலே செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவரின் முயற்சியால் அச்சேறியது. என் இளமையில் மூத்தவாப்பா இரவு நேரங்களிற் சீறாவைப் பாடுவார்; அயல்வீட்டு முதியவர் ஒருவர் பொருள் சொல்லுவார். பொருள் சொல்லுபவர் சில இடங்களிற் பாட்டில் இல்லாததையும் சேர்த்துச் சொல்வார் என்பது நான் பண்டிதத் தேர்வுக்குப் படித்தபோதுதான் தெரிந்தது. மூத்தவாப்பா அதனை அறிந்தும் அறியாதவர்போல் இருந்தார் என்றே இன்று எண்ணுகிறேன்.

இம்முறை படிக்கும்போது நாட்டுப் படலத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். அரபு நாட்டை வருணிக்கப் புகுந்த புலவர், மேகம் கடலிற் படிந்து எழுவதையும், மலையிற் பெய்த மழை ஆறாய்ப் பெருகி வருவதையும், உழவர் வயலுழுவதையும், பெண்கள் நாற்று நடுவதையும், நெல் விளைந்து களம் நிறைவதையும் பாடுகிறார். மக்காவைச் சூழ்ந்த பாலை நிலத்தில் ஏது நாற்று, ஏது நெற்களம் என்று மாணவப் பருவத்தில் நான் நகைத்ததுண்டு. இன்று நகைக்க முடியவில்லை. காவியத்தின் தொடக்கத்தில் நாட்டு வளம் பாடுவது தமிழ் மரபு. கம்பர் கோசல நாட்டைக் காவிரி நாடாகவே கண்டார். உமறுப் புலவரும் அம்மரபில் நின்றே, தாம் பெரிதும் மதித்த நிலத்துக்குத் தாம் அறிந்த செழிப்பை எல்லாம் அளித்துப் பார்த்தார். நெல்லையே வாழ்வாகக் கொண்ட எங்கள் கரையோர முஸ்லிம்கள் இக்காவியத்தைத் தம் வீட்டு நூலாகக் கொண்டதற்கு, சமயப் பற்றோடு, இந்த வயல்களும் ஒரு காரணம் என்பது என் துணிபு. தொலைவிலுள்ள புனித பூமி, சம்மாந்துறை வட்டையைப் போலவே அவர்களுக்குக் காட்சியளித்திருக்கும்.

வட்டை என்ற சொல் பிற மாவட்டத்து நேயர் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். நெல்வயற் பெரும்பரப்பை இங்கு அவ்வாறு சொல்வோம். வயலின் உடையவர் போடியார். அரிந்த கதிரை அடுக்கிவைப்பது சூடு. களத்திலே நெல்லை நெல் என்று சொல்லாமற் பொலி என்பது மரியாதை. இச்சொற்கள் புத்தகத்தில் இடம் பெறத் தகுதியற்றவை என்று நாங்கள் பள்ளியிற் கற்பிக்கப்பட்டோம். அவ்வெண்ணத்தைத் தகர்த்த நூல்களுள் ஒன்று நீலாவணனின் வேளாண்மை. கல்முனைக்கு வடக்கே பெரியநீலாவணையில் 1931ஆம் ஆண்டு பிறந்து, ஆசிரியராக வாழ்ந்து, 1975ஆம் ஆண்டு நாற்பத்து மூன்றாம் வயதிலேயே மறைந்த கவிஞர் அவர். இந்நூல் 1982இலேதான் அச்சாயிற்று. செய்யுள் இலக்கணத்துக்கு ஒரு குறையும் வராமல், மட்டக்களப்புப் பகுதியின் பேச்சு யாப்புக்குள் வந்து அமர்ந்திருக்கும் வகை வியப்புக்குரியது. சீறாவின் நாட்டுப் படலத்தைப் படித்த கையோடு இதனைப் படித்தேன். அங்கே மரபு வழியே கண்ட வயல். இங்கே சேறு காலில் ஒட்டும் வயல். ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்த வேண்டியதில்லை. ஆயினும், சூடு அடிக்கும் இரவின் களைப்பை அறிந்தவன் எவனும் இரண்டாவது நூலைச் சற்று மெதுவாகவே வாசிப்பான்.

அடுத்து இரு வசன நூல்கள். பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964ஆம் ஆண்டு வெளிவந்தது. அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது 1961இல். ஆயினும் நூலாசிரியரின் மட்டக்களப்பு பழைய மட்டக்களப்பே. எங்கள் ஊர்களும் அதில் அடங்கும். சொல்வழக்கு, நாட்டுக் கவி, கண்ணகி வழிபாடு, கூத்து எனப் பலவற்றையும் அவர் ஒருங்கே தொகுத்துள்ளார். முஸ்லிம்களின் கிராமியக் கவிகளைப் பின்னாளில் நிந்தவூர் எஸ். முத்துமீரான் தனியே தொகுத்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தாலன்றி இக்கரையின் பாட்டு முழுமையாகக் கேட்காது. கந்தையாவின் நூலைக் கடைகளிற் பெறுதல் எளிதன்று. என் பேத்திதான் அதனை எனக்குக் காட்டினாள். ஈழத்து நூல்களைப் படம் பிடித்து இணையத்தில் எவரும் இலவசமாகப் படிக்க வைக்கும் ‘நூலகம்’ என்னும் முயற்சி 2005ஆம் ஆண்டு தொடங்கியது. அதிலிருந்து இந்நூலை எடுத்து, கைத்தொலைபேசியின் சிறு கண்ணாடியில் விரித்துக்காட்டி, “மூத்தவாப்பா, இனிக் கடலால் இதைக் கொண்டுபோக ஏலாது” என்றாள். மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். சிரித்தாள். ஆயினும் அன்றிரவு ஒரு மணி வரை அச்சிறு கண்ணாடியை விட்டு என் கண் அகலவில்லை.

மற்றையது ஆங்கில நூல். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969ஆம் ஆண்டில் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி ஆய்வு செய்தவர். பிற்காலத்திலும் பல முறை வந்து சென்று, 2008இல் தம் ஆய்வைப் பெருநூலாக வெளியிட்டார். அதன் பெயரை ‘மோதலின் மூசை’ என்று தமிழாக்கலாம். பொன்னுருக்கும் மூசையை எண்ணிக் கொள்க. தாய்வழியாக வரும் குடி, மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதுதல், பள்ளிவாசலிலும் கோயிலிலும் குடிகளுக்கு உரிய உரிமைகள் ஆகியவற்றில் இக்கரையின் இந்துக்களும் முஸ்லிம்களும் எத்துணை ஒத்தவர்கள் என்பதை அவர் விரித்துக் காட்டுகிறார். பிறர் நம் வீட்டு அடுக்களையை எட்டிப் பார்த்து எழுதியதைப் படிக்கையில் ஒரு கூச்சம் எழத்தான் செய்கிறது. வரைபடங்களும் உறவுமுறைக் கணக்குகளும் சில பக்கங்களில் அயர்வு தருகின்றன என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் இவ்வளவு ஒத்த இரு சாரார் எவ்வாறு பகைத்தனர் என்ற கேள்வியை, எங்களிற் பலர் கேட்க அஞ்சிய காலத்திலும் விடாது கேட்டவர் அவர்.

நாவல்களில் இரண்டைச் சொல்கிறேன். கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெப்பை 1885ஆம் ஆண்டு எழுதி வெளியிட்ட அசன்பே சரித்திரம், ஈழத்தவர் எழுதிய முதல் தமிழ் நாவலாகப் பொதுவாக எண்ணப்படுவது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் வந்து ஆறே ஆண்டுகளின் பின் வந்தது. எகிப்திற் பிறந்த குழந்தை ஒன்று களவாடப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, கல்வி கற்று, பல இடர்களைக் கடந்து பெற்றோரை அடையும் கதை. எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட அறபி பாஷா 1883இல் கொழும்புக்கு வந்து சேர்ந்திருந்தார் என்பதையும், முஸ்லிம் பிள்ளைகளுக்குப் புதிய கல்வி வேண்டும் என்று சித்திலெப்பை அக்காலத்தில் இடையறாது போராடினார் என்பதையும் நினைவிற் கொண்டு படித்தால், கதாநாயகன் ஏன் எகிப்தியன், ஏன் அவ்வளவு படித்தவன் என்பது விளங்கும். தற்செயல்கள் மிகுதி, இன்றைய வாசகன் சில இடங்களிற் பொறுமை இழப்பான். நான் இழந்தேன்.

அந்நாவலை முடித்தபின் தோப்பில் முஹம்மது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதையை எடுத்தேன். 1988இல் நூலாக வந்த இது, குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தை ஒட்டிய முஸ்லிம் வாழ்வைச் சொல்வது. மலையாளமும் அறபும் கலந்த அப்பேச்சு முதல் முப்பது பக்கங்களில் என்னைத் தடுக்கி விழுத்தியது. அகராதி தேடினேன். பின்னர் அகராதியை மூடிவிட்டு, உரக்க வாசித்துப் பார்த்தேன். விளங்கியது. காதாற் படிக்க வேண்டிய நூல் அது. ஊரில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஒன்று வருவதை எதிர்த்து நிற்கும் பெருமுதலாளியை அதிற் காணலாம். சித்திலெப்பை யாரோடு வாதாடினார் என்பதை அவர் நாவலிலே நான் காணவில்லை. நூறாண்டின் பின் மற்றொரு கரையில் எழுந்த நாவலிலே கண்டேன். எங்கள் கல்முனையில் ஸாஹிறாக் கல்லூரி 1949இல் தொடங்கியது. அதற்கு முந்திய தலைமுறையில் எத்தனை வீடுகளில் அம்முதலாளி இருந்தார் என்பதை முதியவர் அறிவர்.

கவிதைக்கு வருவோம். கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம். ஏ. நுஃமான், தாத்தாமாரும் பேரர்களும் என்ற நெடுங்கவிதைத் தொகுதியை 1977இலும், பலஸ்தீனக் கவிதைகள் என்ற மொழிபெயர்ப்பை 1981இலும் வெளியிட்டார். இம்முறை இரண்டாவது நூலையே நான் பெரிதும் படித்தேன். வீட்டையும் தோட்டத்தையும் இழந்தவர் பாடல்கள், கொட்டிலில் இருந்து படிக்கையில் வேறு பொருள் தந்தன. அந்த 1981ஆம் ஆண்டிலேயே, மே மாத முடிவில், யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அக்கொடுமையைப் பற்றிப் புத்தரின் படுகொலை என்ற கவிதையை எழுதியவரும் நுஃமானே. யாழ்ப்பாணத்தில் எரிந்த நூல்களுக்குக் கல்முனைக் கவிஞர் ஒருவர் பாடிய கவிதையை, கடலில் நூலிழந்த பின்னர் நான் பல முறை படித்தேன். கடலுக்குப் பகை இல்லை. தீ வைத்தவனுக்கு நூல் எது என்று தெரிந்திருந்தது. இரண்டு இழப்பையும் ஒன்றாகப் பேசலாகாது என்பதை அக்கவிதைதான் எனக்கு உணர்த்தியது.

சோலைக்கிளியும் கல்முனையார். அவரது எட்டாவது நரகம் 1988இலும், காகம் கலைத்த கனவு 1991இலும் வந்தன. நரகத்துக்கு ஏழு வாயில்கள் என்று திருக்குர்ஆன் கூறும். எட்டாவது எது என்று எங்கள் ஊரவர் எவரும் அக்காலத்தில் அவரிடம் கேட்டிருக்க மாட்டார். வாசலிலேயே அது இருந்தது. மரபுச் செய்யுளில் வளர்ந்த எனக்கு அவருடைய படிமங்கள் தொடக்கத்தில் எரிச்சலூட்டின. பொருள் கூறு என்று மாணவன் கேட்டால் என்ன சொல்வேன் என்றே நினைத்தேன். இன்றும் சில கவிதைகளுக்கு என்னாற் பொருள் கூற இயலாது. அவை மனத்தை விட்டு நீங்கவும் இல்லை.

சாய்ந்தமருதுக்கு அடுத்துத் தெற்கே காரைதீவு. விபுலாநந்த அடிகள் 1892ஆம் ஆண்டு பிறந்த ஊர். அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947ஆம் ஆண்டு யூன் மாதம் தமிழகத்தில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். சிலப்பதிகார அரங்கேற்று காதையை ஆதாரமாகக் கொண்டு, வழக்கொழிந்த யாழின் உறுப்புகளையும் நரம்புகளின் அளவுகளையும் கணிதத்தால் மீட்டெடுக்க முயன்ற நூல். உள்ளதைச் சொன்னால், யாழுறுப்பியலை ஒருவாறு விளங்கிக் கொண்டேன். பாலைத் திரிபியலில் வழி தவறிவிட்டேன். இசையும் கணிதமும் ஒருங்கே அறிந்த ஒருவர் அருகில் இருந்து சொல்லித்தர வேண்டிய நூல் அது.

அவ்வாறு ஒருவர் இருந்தார். காரைதீவில், என்னோடு ஆசிரியப் பயிற்சி பெற்ற நண்பர். வீணை வாசிக்கத் தெரிந்த கணித ஆசிரியர். 1985ஆம் ஆண்டில் எங்கள் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தோடு அவர் வீட்டுக்கு நான் போவது நின்றது. 1990இன் பின் தெருவிற் கண்டாலும் தலையசைப்பதோடு சரி. இரு பக்கத்திலும் பிணங்கள் விழுந்த காலம். நடந்தால் இருபது நிமிடத் தூரம். நடக்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

என்னை நடக்க வைத்தது ஒரு சுயசரிதை என்றால் நம்புவீர்களோ, அறியேன். உ. வே. சாமிநாதையரின் என் சரித்திரத்தில் ஓரிடம் உண்டு. 1880ஆம் ஆண்டு கும்பகோணத்திலே சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த இளைஞர் சாமிநாதையர், தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் வரிசையாகச் சொல்கிறார். முதலியார் அசையவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று வினவுகிறார். ஐயர் அதனைக் கண்ணாலும் கண்டதில்லை. ஏடு கிடைத்தபின்னும் சமணக் கொள்கைகள் வரும் இடங்கள் விளங்கவில்லை. சைவ மரபில் வளர்ந்த அவர், அவ்வூர்ச் சமணர்களைத் தேடிச் சென்று, கேட்டுக் கேட்டுத் தெளிகிறார். 1887இல் சிந்தாமணி அச்சாகிறது. இப்பகுதியை நான் முன்னரும் மாணவருக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். பதிப்பு முயற்சிக்கு எடுத்துக்காட்டு என்று சொல்லியிருக்கிறேன். இம்முறை என் கண்ணில் நின்றது, அவர் பிறர் வாயிலில் நின்று இது எனக்கு விளங்கவில்லை என்று சொன்ன அந்தக் கணமே.

மறுநாள் யாழ் நூலைக் கையிலெடுத்துக்கொண்டு காரைதீவுக்கு நடந்தேன். நண்பர் என்னைக் கண்டதும் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், தேநீர் வைக்கச் சொல்லிவிட்டு வந்தார். நூலைப் பார்த்தார். எந்த இடம் விளங்கவில்லை என்று கேட்டார். பாலைத் திரிபியலை நான்கு மாலைகளில் தாளிற் கோடு கீறி விளக்கினார். நாலாம் மாலை, அவர் என்னிடம் ஒன்று கேட்டார். சீறாப்புராணம் தம்மிடம் உண்டு, கல்லூரி நாளில் வாங்கியது, அறபுச் சொற்கள் வருமிடமெல்லாம் நின்றுபோய், பின் எடுக்கவே இல்லை, சொல்லித்தர முடியுமா என்றார். அவரது பிரதி மேட்டு நிலத்து வீட்டில் இருந்தபடியால் கடலுக்குத் தப்பியது.

இப்பொழுது வெள்ளிக்கிழமைதோறும், ஜும்ஆத் தொழுகையின் பின், அவர் என் புதிய வீட்டுக்கு வருகிறார். அறபுச் சொல்லுக்கு நான் பொருள் சொல்கிறேன். சீர் பிரிப்பதிலும் பண்ணோடு பாடுவதிலும் அவரே ஆசான். வாரம் இருபது பாட்டு என்று வைத்தால், 5,027 பாடல்களுக்கும் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும் என்று அவர் கணக்கிட்டுச் சொன்னார். எனக்கு வயது 74, அவருக்கு 76. சென்ற கிழமை நாட்டுப் படலத்திலே பெண்கள் நாற்று நடும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம்.